பாட்டுக்கு ஒரு ஸ்பீக்கர்

லிஃப்ட் மெக்கானிக்கிடம் ஊரில் பாதிக் கட்டடங்களின் சாவி இருக்கும். அந்த அறை அப்படிக் கிடைத்ததுதான். நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில், தண்ணீர் மோட்டார் இருக்கும் அறைக்கு அடுத்த அறை. ஜன்னல் கிடையாது. சுவரும் கூரையும் பூசாத சிமெண்ட். ஒரு தடவை கை தட்டினால் மூன்று தடவை தட்டியதுபோல் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நான்கு பேர் அங்கே கூடுவார்கள்.

கிட்டார் வாசிப்பவன் மெக்கானிக். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால் தோளில் தொங்கும் கிட்டாரைத் தட்டிக் காட்டுவான். டிரம்ஸ் அடிப்பவன் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன். அவனை இடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், அவனுக்கும் அதில் பெருமை. பேஸ் கிட்டார் வாசிப்பவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது ஒரு மாத்திரை அட்டை இருக்கும் என்பதால் அவருக்குப் பெயர் மாத்திரை. பாடுகிறவள் மெக்கானிக்கின் தங்கை.

தங்கைக்கு முப்பத்திரண்டு வயது. பெரிய ஆஸ்பத்திரியில் விசாரணைப் பிரிவில் உட்கார்ந்திருந்தாள். போனை எடுப்பதும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் அவள் வேலை. "ஏழாம் அறை நோயாளியின் உறவினர் யாராவது இருந்தால் முதல் மாடிக்கு வரவும்" என்று அவள் சொன்னால், பயந்துபோய் ஓடிவருகிறவன்கூட ஒரு நொடி நின்று மூச்சு விட்டுக்கொள்வான். தாழ்ந்த, மெத்தென்ற குரல். அந்தக் குரலுக்கு முகம் எப்படி இருக்கும் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

ஆஸ்பத்திரியில் ஆறு மாடிக்கும் கேட்ட குரல் அந்த ஒற்றை அறைக்குள் கேட்கவில்லை.

பாட்டுக்கென்று தனியாக ஒரு ஸ்பீக்கர் இல்லாததுதான் காரணம். கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தருகிற பெட்டியான அண்ணனின் ஆம்ப்பில் இரண்டு துளைகள் இருந்தன. முதலாவதில் கிட்டார், இரண்டாவதில் அவளுடைய மைக். கிட்டார் கரகரத்தால் குரலும் கரகரக்கும், தகரத்தில் மணலைக் கொட்டின மாதிரி. குரலுக்கான திருகை இன்னும் ஒரு கோடு ஏற்றினால் மைக் ஊளையிடும். ஊளை வந்தால் அண்ணன் திரும்பி, ஏதோ அவள்தான் ஊளையிட்டதுபோலப் பார்ப்பான்.

"அண்ணா, எனக்கு என் குரலே கேக்கல. எல்லாரும் கொஞ்சம் கொறச்சு வாசிங்களேன்."

"நீ கொஞ்சம் கூட்டிப் பாடேன்."

"இதுக்கு மேல கூட்டுனா பாட்டு இருக்காது, சத்தம்தான் இருக்கும்."

"அக்கா, டிரம்ஸ மெல்ல அடிக்கச் சொல்றது லாரிய நடத்திக் கூட்டிட்டுப் போகச் சொல்ற மாதிரி" என்று இடி சிரிப்பான். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

நகர மண்டபத்தில் இசைக்குழுப் போட்டி அறிவித்தார்கள். மூன்று மாதம் இருந்தது. அந்த மண்டபத்தில் நல்ல ஒலியமைப்பு உண்டு. அதற்கென்று தனி ஆள் உண்டு. அங்கே ஒரு தடவை நின்று, கத்தாமல், தன் குரலில் பாடிவிட வேண்டும் என்று தங்கைக்கு ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது. அவளுக்கு வேறு எதுவும் அப்படி வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரி ஒலிபெருக்கிகளைப் பழுதுபார்க்க வருகிற ஆளிடம் ஒரு நாள் கேட்டாள். அவர் அவளுடைய நோட்டை வாங்கிப் பின்பக்கத்தில் படமே போட்டுக் கொடுத்தார். "ஸ்பீக்கர் பாக்குற பக்கம் மைக் பாக்கக் கூடாதும்மா. மைக்கோட முதுகுதான் ஸ்பீக்கருக்குத் தெரியணும். ஸ்பீக்கர தரையில போடாதீங்க, உங்க காது ஒயரத்துக்குத் தூக்கி வைங்க. சுவத்துல பழைய மெத்தைய சாத்துங்க. மத்தவங்க சத்தத்தக் கொறைக்கச் சொல்லுங்க. முக்கால்வாசி வேலை அதுலயே முடிஞ்சிடும்."

வீட்டில் அம்மா பாட்டுக் கேட்கிற பழைய ஸ்டீரியோ ஒன்று இருந்தது. பின்னால் மைக் மாட்டவும் இடம் இருந்தது. அடுத்த ஞாயிறு அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு மணிக்கே போனாள். இரண்டு மெத்தைகளைச் சுவரில் சாத்தினாள். ஸ்டூலின் மேல் ஸ்டூல் போட்டு ஸ்பீக்கரைத் தன் முகத்துக்கு எதிரே வைத்தாள். டிரம்ஸின் மேல் துண்டு விரித்தாள். அண்ணனின் ஆம்ப்பைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"என்னடா இது, என் ஆம்ப்ப மூலைல நிக்க வச்சுட்டா?" என்றான் அண்ணன். ஆனாலும் வாசித்தான்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர்கள் அவளைக் கேட்டார்கள். இடி பாதிப் பாட்டில் குச்சியை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். மாத்திரைக்கு விரல் தானாக வாசித்தது. தங்கை கண்ணை மூடியிருந்தாள். தன் குரல் எதிரே இருந்து தனக்கே திரும்பி வருவதைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு பாடினாள்.

பாட்டு முடிந்ததும் மாத்திரை நாடியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"மெக்கானிக்கு, ஒண்ணு கேக்கவா? அந்த ரெண்டாவது சரணத்துல அவ கீழ எறங்குறா, நீ ஏன் மேல ஏறிப் போற?"

"எங்க?"

இன்னொரு தடவை வாசித்தார்கள். தப்பு பளிச்சென்று கேட்டது. குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். இத்தனை நாள் சத்தத்துக்குள் ஒளிந்திருந்தது, இப்போது துணி இல்லாமல் நடுவில் நின்றது.

"அட, ஒரு வருஷமா இப்படித்தான் வாசிச்சிட்டிருந்தியா?" இடி விழுந்து விழுந்து சிரித்தான். தங்கையும் சிரித்தாள். பாடின சந்தோஷத்தில் வந்த சிரிப்பு அது, அண்ணனைப் பார்த்து வந்ததில்லை. ஆனால் அண்ணன் நிமிர்ந்தபோது அவள் பல்தான் அவன் கண்ணில் பட்டது.

அவன் வயரைச் சுருட்டிப் பையில் வைத்தான். வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டான்.

அடுத்த ஞாயிறு ஸ்டூல் மட்டும் இருந்தது.

"அம்மாவுக்குப் பாட்டுக் கேக்கணுமாம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்" என்றான் அண்ணன்.

வீட்டில் அம்மாவைக் கேட்டாள். "நான் எங்கடி கேட்டேன்? அதுதான் பரண்ல கெடக்கே" என்றாள் அம்மா. தங்கை ஏணி வைத்து ஏறிப் பார்த்தாள். ஸ்டீரியோவின் வயர் அடியோடு வெட்டப்பட்டிருந்தது. வெட்டின இடத்தில் ஒரு பிசிறு இல்லை. தொழில் தெரிந்தவன் வெட்டியது.

இறங்கி வந்து ஏணியைச் சாத்தி வைத்தாள். அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால் பாட்டு போய்விடும், மண்டபம் போய்விடும். பதினோரு வாரம்தான், பல்லைக் கடித்துக்கொண்டால் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

மறுபடி இரண்டாவது துளைக்குப் போனாள். அண்ணன் அவளை நன்றாகப் புரிந்துவைத்திருந்தான். பாட்டு ஆரம்பிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். மூன்றாவது அடி வரும்போது ஏதோ சரிசெய்வதுபோலக் குனிவான். அவளுடைய திருகை ஒரு கோடு இடதுபக்கம் திருப்புவான். அவள் கண்முன்னாலேயே திருப்புவான். திருப்பிவிட்டு அவளை நேராகப் பார்ப்பான். அவள் குரலை உயர்த்துவாள். சரணத்தில் இன்னொரு கோடு. அவள் இன்னும் உயர்த்துவாள். கழுத்து நரம்பு கயிறுபோல் புடைக்கும்.

மாத்திரைக்கு அது தெரியும். அவர் நிற்கிற இடத்திலிருந்து ஆம்ப் நன்றாகவே தெரியும். பாட்டு முடிந்ததும் தொண்டைக்கு ஒரு மாத்திரையைப் பிதுக்கிக் கொடுப்பார். "சப்பிக்கோ தங்கச்சி, எதமா இருக்கும்" என்பார். வேறெதுவும் சொல்லமாட்டார்.

"அக்காவுக்கு இப்பத்தான் பாட்டுக்காரி கொரலே வந்திருக்கு. என்னா கரகரப்பு!" என்றான் இடி. அவன் நல்ல மனசோடுதான் சொன்னான்.

ஐந்தாவது வாரம், திங்கட்கிழமை காலை. குழந்தைகள் பிரிவிலிருந்து அவசரமாக ஒரு பெண்ணைக் கூப்பிடச் சொன்னார்கள். தங்கை பொத்தானை அழுத்தி வாயைத் திறந்தாள். காற்று வந்தது. மறுபடி திறந்தாள். கதவு இழுபடுகிற மாதிரி ஒரு சத்தம் ஆறு மாடிக்கும் போனது. கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் கீழே டீ வாங்கிக்கொண்டு நின்றிருந்தாள், கூப்பிட்டது தன்னை என்று தெரியாமல். பக்கத்து மேசைக்காரி ஓடிவந்து மைக்கை வாங்கி அறிவிப்பதற்குள் நாலு நிமிடம் போய்விட்டது. அந்தத் தாய் மேலே ஏறிப் போனபோது குழந்தையின் மூச்சு நின்றிருந்தது.

அன்று மாலையே தொண்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார். குரல் நாண் இரண்டிலும் தடிப்பு. "ரெண்டு மாசம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது, அது இன்னும் மோசம். அதுக்கப்புறம் பாக்கலாம். பாட்டெல்லாம் மறந்துடுங்க." ஆஸ்பத்திரியில் அவளைப் பழைய கோப்புகள் அடுக்குகிற அறைக்கு மாற்றினார்கள். அங்கே பேச வேண்டியதில்லை, பேச ஆளும் இல்லை.

அண்ணன் டாக்டர் சீட்டை வாங்கிப் படித்தான்.

"போட்டிக்கு ஏழு வாரம் இருக்கு. இப்பப் போய்..." என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரி, வேற ஆளப் பாக்கறேன்" என்றான். சாப்பிட்டுக் கை கழுவினதும் திரும்பி, "பாட்டெல்லாம் நீதான் அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்கணும். எழுதிக் காட்டு. வாய்தான போச்சு, கை இருக்கில்ல?" என்றான்.

அம்மா அவனை வைதாள். அவன் டிவியைப் போட்டான்.

புதிதாக வந்தவள் அழகுநிலையம் ஒன்றில் வேலை செய்கிற பெண். எல்லோரும் பார்லர் என்றே கூப்பிட்டார்கள். இருபத்தாறு வயது, நாலு வயதில் ஒரு மகள். வாய் ஓயாமல் பேசுகிறவள். அந்தத் தொழிலில் பேச்சுதான் பாதி வேலை, வருகிறவர்கள் கத்தரிக்கு வருவதைவிடப் பேச்சுக்கே வருவார்கள் என்று அவளே சொல்வாள். குரல் மெல்லியது, சுத்தமானது. வந்த முதல் நாளே தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க எடத்துல வந்து நிக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்கக்கா. உங்களுக்குச் சரியானதும் நானே எறங்கிடுவேன்." தங்கைக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் பாட்டு முடிந்ததும் பார்லர் அவள் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அக்கா, எனக்கு என் கொரலே கேக்கல. இந்த ரூம்ல நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

தங்கையின் மடியில் நோட்டு இருந்தது. ஒலிபெருக்கி பழுதுபார்க்கிறவர் போட்ட படம் அதன் பின்பக்கத்தில் அப்படியே இருந்தது. ஸ்பீக்கர், மைக்கின் முதுகு, மெத்தை எல்லாம். அவள் நோட்டைத் திருப்பக் கை வைத்தாள்.

அப்போது அண்ணன் அந்தப் பக்கமிருந்து கேட்டான். "ஏம்மா, சத்தம் அதிகமா இருக்கா? கொறைக்கவா?" குனிந்து கிட்டாரின் திருகை இரண்டு கோடு குறைத்தான். பாட்டின் திருகை ஒரு கோடு ஏற்றினான். "இப்பக் கேக்குதா பாரு."

தங்கை ஒரு வருஷம் கேட்டது அது. ஒரு தடவைகூட அவன் குனியவில்லை. குனிந்ததெல்லாம் அவள் குரலைக் குறைக்கத்தான். வந்து ஒரு மணி நேரம் ஆகாதவளுக்கு, கேட்காமலே.

அவள் நோட்டைத் திருப்பவில்லை. புதுப் பக்கத்தில் நிதானமாக எழுதினாள்: "எனக்கும் கேட்டதில்லை. தொண்டையை நல்லாத் திறந்து கத்திப் பாடணும். முதல்ல வலிக்கும். வலிச்சா சரியாப் பாடறீங்கன்னு அர்த்தம்."

பார்லர் படித்துவிட்டு, "அப்படியா!" என்றாள். கெட்டிக்காரப் பிள்ளை பாடத்தை வாங்கிக்கொள்வதுபோல் இரண்டு தடவை தலையாட்டினாள்.

அண்ணனின் மரியாதை இரண்டு வாரத்தில் தீர்ந்துவிட்டது. தன் கிட்டார் தனக்குக் கேட்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. திருகு பழைய இடத்துக்குப் போயிற்று. பார்லர் கத்திப் பாடினாள். ஒவ்வொரு ஞாயிறும் முடிந்தபின் தங்கையிடம் வந்து, தொண்டையைத் தொட்டுக் காட்டி, "வலிக்குதுக்கா!" என்பாள், ஏதோ பரிசு கிடைத்த மாதிரி. தங்கை கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். ஒரு நாள் பார்லர் அவளை உட்காரவைத்துப் புருவம் திருத்திவிட்டாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அந்த விரல்கள் மண்டையில் ஓடும்போது, சொல்லிவிடலாமா என்று தங்கைக்கு ஒரு நினைப்பு வந்தது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த வாரமும் சொல்லவில்லை.

மாத்திரை இப்போது பார்லருக்கும் ஒன்று பிதுக்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார். தங்கையும் அவரைப் பார்த்தாள். உனக்கு வாய் இருக்கிறதே, நீ சொல்லேன் என்பதுபோல் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார்.

போட்டி நாளன்று மண்டபத்தில் அறுநூறு பேர். தங்கை எட்டாவது வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். பார்லரின் மகள் தங்கையின் அம்மா மடியில். மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள் அடுக்கியிருந்தன. ஒலிக்காரர் பார்லரிடம் வந்து, "உங்க காதுக்கு எவ்வளவு வேணும், சொல்லுங்க, வைக்கறேன்" என்று கேட்டது தெரிந்தது. யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. அவள் முழித்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அண்ணன், "எல்லாம் சரியா இருக்கு சார்" என்றான்.

பார்லர் ஆறு வாரமாகப் பழகினபடியே தொண்டையைத் திறந்து கத்தினாள். அந்த மைக்குக்கு முணுமுணுத்தாலே போதும். முதல் அடியிலேயே முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்தினார்கள். சரணத்தில் குரல் உடைந்தது. உடைந்தது என்றால் நடுவில் பிளந்து, ஒரு பாதி கீச்சென்று மேலே போயிற்று, மறு பாதி காணாமல் போயிற்று. அந்த நல்ல ஸ்பீக்கர்கள் ஒரு துணுக்கைக்கூட விடாமல் அறுநூறு பேருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தன. பின்வரிசையில் எவனோ சேவல் மாதிரி கூவினான். மண்டபம் சிரித்தது. அண்ணன் இறங்க வேண்டிய இடத்தில் ஏறிப் போனான். அதுவும் தெளிவாகக் கேட்டது. அதற்கு ஒரு கூவல் எழுந்தது.

"ஏன் எல்லாரும் சிரிக்கறாங்க?" என்று குழந்தை கேட்டது. அம்மா அதன் காதைப் பொத்தினாள்.

தங்கைக்கு வயிற்றில் சூடாக ஏதோ பரவியது. பசித்தவனுக்கு முதல் வாய் இறங்குகிற மாதிரி. சுகமாகத்தான் இருந்தது, மறைப்பதற்கில்லை. மேடையில் பார்லர் பாடிக்கொண்டே கூட்டத்துக்குள் அவளைத் தேடினாள். கண்டுபிடித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, தான் எங்கே தப்பு செய்தோம் என்று கேட்கிற பார்வை. தங்கை கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். பார்லர் மூச்சை இழுத்து இன்னும் பலமாகக் கத்தினாள்.

மேடைக்குப் பின்னால் அண்ணன் அவளைத் தகர டப்பா என்றான். அவள் மகள் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னான். அடுத்த ஞாயிறு காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிற ஒருவனை அந்த அறைக்குக் கூட்டிப்போனான். அவன் குரலுக்கு மைக்கே தேவையில்லை. இடிக்குப் பரம சந்தோஷம்.

ஒரு மாதம் கழித்துப் பார்லர் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்று கூப்பிடவில்லை, கதவைத் தட்டினாள். அம்மா திறந்தாள். தங்கை சமையலறையில் இருந்தாள். டாக்டர் அந்த வாரம்தான் நாளைக்குப் பத்து நிமிடம் பேச அனுமதி கொடுத்திருந்தார். அது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் மூன்று நிமிடம் அம்மாவோடு பேசியிருந்தாள். பழைய குரல் முழுக்க இல்லை, முக்கால்வாசி வந்திருந்தது.

பார்லர் கையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தாள். அவளுக்கும் பேசக் கூடாது என்று சீட்டு கிடைத்திருந்தது, அதே டாக்டர். பேசாத ஆளிடம் தலையைக் கொடுக்க யாரும் வருவதில்லை என்று முதலாளி அவளை நிறுத்திவிட்டார். அதையெல்லாம் எழுதி அம்மாவிடம் நீட்டினாள். அம்மா உச்சுக் கொட்டி, "உக்காரும்மா" என்றாள். அவள் உட்காரவில்லை. தங்கை வெளியே வந்ததும் அடுத்த பக்கத்தில் எழுதி, அவளிடம் நீட்டினாள். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த அம்மா வாய்விட்டுப் படித்தாள்.

"வலிச்சாப் பாட்டை நிறுத்தணும், இதுகூடவா தெரியாதுன்னு டாக்டர் கேட்டாரு. அக்கா, நீங்க தெரிஞ்சுதான் எழுதுனீங்களா?"

அம்மா படித்து முடித்துவிட்டு மகளை ஏறிட்டுப் பார்த்தாள். அன்றைக்குப் பேச இன்னும் ஏழு நிமிடம் மிச்சம் இருந்தது. தங்கை தொண்டையைத் தொட்டு, முடியாது என்று கையை விரித்தாள். பார்லரின் பேனாவை வாங்கி அவள் நோட்டிலேயே எழுதினாள்: "எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

பார்லர் அதைப் படித்தாள். அவள் முகம் அப்படியே கரைந்தது. தங்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். சந்தேகப்பட்டதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போகும்போது வாசலில் திரும்பி நின்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அம்மா கதவைச் சாத்தினாள்.

"யாருடி சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"யாரும் சொல்லலம்மா" என்றாள் தங்கை.

அம்மா தாழ்ப்பாளைப் போட்டாள். "உங்கண்ணன் ஒருத்தன்தான் அப்படின்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். அப்புறம் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

தங்கை பின்னாலேயே போய் நின்றாள். அம்மா, அம்மா என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். குரல் நன்றாகத்தான் வந்தது. அம்மா திரும்பவில்லை.